முகத்தில் விழுந்த வெளிச்சம்

காலையில் போனை எடுத்தால் நம் ஹாஸ்டல் தோழிகள் குழுவில் யாராவது ஒருத்தி பழைய படப்பிடிப்புப் படம் ஒன்றைப் போட்டிருப்பாள். கதாநாயகன் மேக்கப்போடு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து இலையில் சாப்பிடுவார். கதாநாயகி கொண்டையைத் தளர்த்திவிட்டு மரத்தில் சாய்ந்து தூங்குவார். வில்லன் நடிகர் யார் வீட்டுக் குழந்தையையோ இடுப்பில் வைத்திருப்பார். கீழே வரிசையாக இதயங்கள். "அந்தக் காலம் திரும்ப வருமாடி" என்று ஒரு வரி. நான் மட்டும் ஒன்றும் போடுவதில்லை என்பதைக் கவனித்து, "உங்க ஊர்லயே ஷூட்டிங் நடந்துச்சே, உனக்கு மட்டும் என்ன வந்துச்சு?" என்று கேட்டீர்கள்.

போன வருஷம் அப்படி வந்த ஒரு படம் உங்களுக்கு நினைவிருக்கலாம். முற்றிய நெல் வயல். ஒல்லியான ஆள் ஒருவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு கம்பை ஓங்கி நிற்கிறார். அவருக்கு முன்னால் இன்னொருவர் கையைத் தூக்கித் தடுக்கிறார். பின்னால், குடைக்குக் கீழே, கதாநாயகன் சிரித்தபடி போகிறார். 'ரசிகர்களை விரட்டும் காவலாள்' என்று யாரோ எழுதியிருந்தார்கள். நீங்களும் சிரிக்கும் பொம்மை போட்டிருந்தீர்கள். உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. உங்களுக்கு எப்படித் தெரியும்? கம்போடு நிற்பவர் என் அப்பா. கையைத் தூக்குகிறவர் அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன், என் பெரியப்பா.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டியிலிருந்து கடல் பக்கமாகப் போகிற வழியில் இருக்கிறது. ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற ஊர். எங்கள் தெருவில் எல்லாரும் பண்ணையாட்களாக இருந்தவர்கள். அடுத்தவர் வயலில் நட்டு, அடுத்தவர் வயலில் அறுத்து, அந்தக் களத்திலேயே கையேந்தி நின்றவர்கள். அதை மாற்றியதில் பெரியப்பாவுக்குப் பெரிய பங்கு உண்டு. கொடி பிடித்தார், அடி வாங்கினார், ஜெயிலுக்கும் போய் வந்தார். தாசில்தார் வந்து ஆற்றங்கரையோர நிலத்தைத் தெருவுக்குப் பிரித்துக் கொடுத்தபோது, பட்டாவில் தம்பி பெயரும் வர வேண்டும் என்று தாலுக்கா ஆபீஸ் வாசலிலேயே கிடந்து வாங்கினார். எங்கள் வயல், அதை ஒட்டிப் பெரியப்பாவின் வயல், அப்புறம் வரிசையாகத் தெருக்காரர்கள் வயல். முதல் வருஷம் தண்ணீர் வரவில்லை. அடுத்த வருஷம் வெள்ளம் வந்து நின்று நாற்று அழுகியது. நான் சொல்லப்போகிற வருஷத்தில்தான் முதல் தடவையாக எங்கள் சம்பா தலை சாய்ந்து நின்றது. அம்மா விடிந்ததும் வரப்பில் போய் நின்று பார்த்துவிட்டு வருவாள். ஒன்றும் செய்ய மாட்டாள். சும்மா பார்ப்பாள்.

அப்பாவுக்கு அந்தக் கதாநாயகன் என்றால் உயிர். கீற்றுக் கொட்டகையில் அவர் படம் வந்தால் வேலை முடித்த சேற்றுக் காலோடு நடந்தே போவார். படத்தில் அவர் எப்போதும் கூலியாளாகத்தான் வருவார். பண்ணையார் கையிலிருந்து சாட்டையைப் பிடுங்குவார். பெரியப்பா சிரிப்பார். "நாங்க நெசமாப் புடுங்கினோம். அதுக்கு நீ விசிலடிச்சியா?" என்பார். அப்பாவுக்கு இரண்டு பேர் மேலும் பிரியம். பெரியப்பாவிடம் பயமும் உண்டு.

பொங்கல் முடிந்த கையோடு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். மேனேஜர் ஒருவர், டைரக்டரின் ஆட்கள், அவர்களோடு ஸ்டில் போட்டோகிராபர். படம் எடுக்கிற பெரிய காமிரா வேறு. இவர் கழுத்தில் தொங்குவது வேறு. நடிகர்கள் நடிக்கும்போதும் நடிக்காமல் இருக்கும்போதும் போட்டோ எடுத்துப் பத்திரிகைக்கும் போஸ்டருக்கும் கொடுப்பது இவர் வேலை. ஆற்றங்கரையில் நடந்து வந்தவர் எங்கள் வயலைப் பார்த்து நின்றுவிட்டார். பின்னால் ஆறு, பக்கத்தில் ஒற்றைப் பனை, முன்னால் பழுத்த நெல். "இதுதாங்க எடம்" என்று மேனேஜரிடம் சொன்னார்.

பெரிய பண்ணைக்காரர்கள் ஒருவரும் கதிர் நிற்கிற வயலைத் தரமாட்டேன் என்று சொல்லியிருந்தார்கள். அப்பாவிடம் கேட்டதுமே தலையாட்டிவிட்டார். யார் நடிக்கிற படம் என்று தெரிந்த பிறகு அவருக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை. "வரப்புல நின்னுதான் எடுப்போம். ஒரு கதிர்கூடச் சாயாது" என்றார் மேனேஜர்.

அம்மா சொன்னாள், "அறுத்துட்டு எடுக்கச் சொல்லுங்க."

"அறுத்த வயல்ல என்ன இருக்கு படம் புடிக்க?"

"நம்ம சோறு இருக்கும் வீட்டுல."

பெரியப்பா வந்தார். வாசலிலேயே நின்றார். "கதிரு முத்தி நிக்கிற நேரத்துல எவனாவது வயல்ல ஆள விடுவானாடா? ஊரே கூடும். உன் வயலோட நிக்குமா கூட்டம்?"

"அது என் வயலுண்ணே" என்றார் அப்பா.

அப்பா அதற்கு முன் அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. பெரியப்பா ஒரு நிமிஷம் அவரையே பார்த்தார். "ஆமா. உன் வயலுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். தெருவில் நிறையப் பேர் இதைக் கேட்டார்கள். பின்னால் எல்லாரும் இதைத்தான் நினைவு வைத்திருந்தார்கள்.

அந்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது வாசனைதான். பழுத்த நெல்லுக்கு வெயில் ஏற ஏற ஒரு இனிப்பு வாடை வரும். அதோடு கதாநாயகியின் பவுடர், ஜெனரேட்டர் புகை, பெரிய அண்டாவில் கொதிக்கும் சாம்பார். வேஷம் போட்டவர்கள் எல்லாரும் ஓய்வு நேரத்தில் சாதாரண மனிதர்கள் போல இருப்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சாட்டையோடு உறுமுகிற பண்ணையார் நடிகர் தலைப்பாகையைக் கழற்றினால் வழுக்கை. கால் வலிக்கிறது என்று ஆற்றுத் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கதாநாயகி யாரும் பார்க்காத சமயம் கொல்லையில் புளியங்காய் கேட்டு வாங்கித் தின்றார். போட்டோகிராபர் இதையெல்லாம் எடுத்துக்கொண்டே இருப்பார். "ஷாட்ல இருக்கறத எல்லாரும் பாப்பாங்க. இது நான் எடுத்தாதான் உண்டு" என்று என்னிடம் சொன்னார். அவருக்கு என் வயதில் ஒரு பெண் சென்னையில் இருந்தாளாம். வயிற்றுக்கு நேராகப் பிடித்து மேலிருந்து குனிந்து பார்க்கிற பெட்டிக் காமிராவில் என்னைப் பார்க்கச் சொன்னார். கண்ணாடியில் எங்கள் வயல் சின்னதாக, வர்ணத்தோடு தெரிந்தது. ஆனால் வலது இடமாக மாறியிருந்தது. பெரியப்பா வயல் இருக்க வேண்டிய பக்கம் ஒற்றைப் பனை தெரிந்தது. பிலிம் சுருள் வருகிற அலுமினிய டப்பி ஒன்று எனக்குக் கொடுத்தார். திருகுமூடி போட்டது. அதில் சிலேட்டுக் குச்சி போட்டு வைத்திருந்தேன். எல்லாம் முடிந்த பிறகு அம்மா அதை ஆற்றில் எறிந்தாள்.

அவர் அப்பாவை 'நீங்க', 'வாங்க' என்றுதான் பேசினார். பேண்ட் போட்ட ஒருவர் அப்பாவை அப்படிக் கூப்பிட்டு நான் அதற்கு முன் கேட்டதில்லை. கதாநாயகன் ஒரு படி மேலே போய்விட்டார். அரிவாள் பிடிக்கத் தெரியவில்லை என்று அப்பாவை வரச்சொல்லி, "எப்படிண்ணே புடிக்கணும்?" என்று கேட்டார். அப்பா அவர் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினார். அன்று அப்பா சாப்பிடவே இல்லை. "என்னைய அண்ணேன்னாருடி" என்று அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நடிகர்கள் முகத்தில் வெளிச்சம் அடிக்க வெள்ளித்தாள் ஒட்டிய பெரிய பலகைகள் வைத்திருந்தார்கள். வெயிலை வாங்கி முகத்தில் திருப்பிவிடுவார்கள். அதைத் தூக்குகிற ஆட்கள் விளையாட்டுக்கு எங்கள் மேலும் திருப்புவார்கள். ஒரு தடவை என் கண்ணில் அடித்தது. எல்லாம் வெள்ளையாகிப்போனது. பக்கத்தில் நின்ற அம்மாவைக்கூட எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் பச்சைப் பச்சையாகப் புள்ளி மிதந்தது.

கடைசி நாள் சாயங்காலம். கதாநாயகன் ஊருக்குத் திரும்புகிறார் என்று சேதி பரவி, முத்துப்பேட்டை பக்கத்திலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு ஜனம் வந்திருந்தது. வரப்பை ஒட்டிக் கயிறு கட்டியிருந்தார்கள். படப்பிடிப்பு முடிந்து, போஸ்டருக்கு மட்டும் சில போட்டோ பாக்கி. வெயில் மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது. போட்டோகிராபர் ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி நின்றார். கூட்டத்தில் மிதிபடாமலிருக்க என்னையும் தூக்கிப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். கீழே ஒரு ஆள் பலகையைப் பிடித்திருந்தான்.

யாரோ "கிளம்புறாருடோய்" என்று கத்தினார்கள். அவ்வளவுதான், கயிறு அறுந்தது. தண்ணீர் உடைத்துக்கொண்டு வருகிற மாதிரி ஜனம் எங்கள் வயலுக்குள் இறங்கியது. நெல் மடிகிற சத்தம் கேட்டது. நிறையக் கால்கள் ஒன்றாக மிதித்தால் சரசரவென்று வராது. பாய் கிழிகிற மாதிரி இருக்கும். கம்பெனி ஆட்கள் குடையை விரித்துக் கதாநாயகனை நடுவில் வைத்து இழுத்துக்கொண்டு போனார்கள். அவருக்கு இது பழக்கம் போலிருக்கிறது. சிரித்துக்கொண்டே போனார். அப்பா கயிறு கட்டியிருந்த முளைக்கம்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். "மிதிக்காதீங்கய்யா, மிதிக்காதீங்க" என்று கத்தினார். வயலைக் காப்பாற்ற ஓடினார் என்று அம்மா சொல்வாள். கதாநாயகனைக் காப்பாற்ற ஓடினார் என்று தெரு சொன்னது. எனக்குத் தெரியாது. அவருக்கே அந்த நேரத்தில் தெரிந்திருக்குமா?

பெரியப்பா தன் வயல் பக்கமிருந்து ஓடி வந்தார். தம்பியோடு சேர்ந்து கூட்டத்தைத் தடுக்கத்தான் வந்தார். பலகை பிடித்திருந்தவன் மிரண்டுபோய் அதைத் தூக்கிக்கொண்டு ஓடப் பார்த்தான். திரும்பினான். சாய்ந்த வெயில் மொத்தமும் அந்தப் பலகையில் விழுந்து அப்பாவின் முகத்தில் அடித்தது. நான் மேலேயிருந்து பார்த்தேன். அப்பாவின் முகம் விளக்குப் போட்ட மாதிரி எரிந்தது. என் காதருகே காமிரா 'டக்'கென்றது. கம்பு இறங்கியது.

பெரியப்பா சத்தம் போடவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு மிதிபட்ட நெல்லில் உட்கார்ந்தார். விரல் இடுக்கில் ரத்தம் வந்தது. அப்பா கண்ணைக் கசக்கிக்கொண்டு, "யாரு, யாரு அது?" என்று கேட்டார்.

தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். எங்கள் வயல், பெரியப்பா வயல், அதற்கடுத்த தெருக்காரர்கள் வயல் எல்லாம் பாய் விரித்தது போலப் படுத்துவிட்டது. உதிர்ந்த நெல்லைப் பெண்கள் சேற்றிலிருந்து பொறுக்கினார்கள். கம்பெனி அன்றைக்கே போய்விட்டது.

அப்பா ஆஸ்பத்திரி வாசலில் கிடந்தார். உள்ளே வர வேண்டாம் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். ஆனாலும் அப்போது ஒரு வழி இருந்தது. பெரியம்மாவே அம்மாவிடம், "ஆத்திரத்துல தெரியாம நடந்திருக்கும். கட்டுப் பிரிக்கட்டும், நானே பேசுறேன்" என்று சொல்லியிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் போட்டோகிராபர் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. படம் எடுத்த நொடியே கம்பெனி ஆட்கள் அவரைப் பெட்டியிலிருந்து இழுத்து இறக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். காக்கி உறைக்குள்ளிருந்து பெரிய போட்டோ ஒன்றை எடுத்து அப்பா கையில் கொடுத்தார். "உங்க முகம் எவ்வளவு நல்லா விழுந்திருக்கு பாருங்க. பின்னால அவரும் இருக்காரு. பத்திரிகையிலயும் வந்திருக்கு" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். அம்மா விஷயத்தைச் சொன்னபோது அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கொண்டுவந்த ஆரஞ்சுப் பையை வாசலில் வைத்துவிட்டுப் போனார். பிறகு அவர் வரவே இல்லை.

பத்திரிகை அதற்கு முன்பே டீக்கடைக்கு வந்து, அங்கிருந்து பெரியப்பா வீட்டுக்கும் போயிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பெரியப்பா தெருக் கூட்டத்தில் அதைப் பிரித்து வைத்தார். அப்பா எல்லார் முன்னாலும் அவர் காலில் விழுந்தார். "ஒண்ணுமே தெரியலண்ணே. ஒரே வெள்ளையா இருந்துச்சு."

"வெள்ளையா இருந்துச்சா? இதப் பாரு. கண்ண நல்லாத் தொறந்து, என் மூஞ்சியப் பாத்துக்கிட்டுல்ல அடிச்சிருக்க." குனிந்து அப்பாவின் முகத்துக்கு நேராக அந்தத் தாளைப் பிடித்தார். "பண்ணையாரு ஆளுங்க அடிச்சப்பகூட நான் கண்ணோடதான் வந்தேன்."

நான் அம்மாவின் பிடியிலிருந்து திமிறிப் போய், பலகை வெளிச்சத்தைப் பற்றிச் சொன்னேன். என்னால் முடிந்தவரை சொன்னேன். "புள்ளைக்குச் சொல்லிக்குடுத்துக் கூட்டியாந்திருக்காங்க" என்று ஒருவர் சொன்னார். அதோடு முடிந்தது. அந்த மனிதர்களை இப்போது நினைத்தால் அவர்கள் மேலும் கோபம் வரவில்லை. அவர்களுக்குப் போட்டோ புதுசு. போட்டோ பொய் சொல்லாது என்று நினைத்தார்கள். அதில் அப்பா முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது. காமிராவுக்கு இந்தப் பக்கம் என்ன இருந்தது என்று அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள்?

தெருவில் எங்களோடு பேச்சு நின்றது. தங்கள் அடுப்பிலிருந்து நெருப்பெடுக்கக்கூட யாரும் விடவில்லை. அப்பா நிலத்தைப் பெரியப்பாவையே உழுதுகொள்ளச் சொல்லிவிட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு பட்டுக்கோட்டைக்குப் போனார். அங்கே ஒரு தேங்காய் மண்டியில் மட்டை உரிக்கிற வேலை. நான் ஹாஸ்டலில் சேர்ந்ததும், உங்களோடு படித்ததும் அதற்குப் பிறகுதான்.

லீவில் வீட்டுக்குப் போனால் அப்பா அந்தப் போட்டோவை எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். அம்மா எத்தனையோ தடவை கிழிக்கப் போனாள். விடவில்லை. முதலில் "நான் பாக்கலடி, நெசமாப் பாக்கல" என்று தனியாகப் பேசிக்கொள்வார். சில வருஷம் போனதும் அந்தப் பேச்சு மாறிவிட்டது. நான் காலேஜ் முடித்த கோடையில் ஒருநாள் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டார்.

"ஆயி, நீ படிச்ச புள்ள. நல்லாப் பாத்துச் சொல்லு. தெரிஞ்ச ஆளப் பாக்குற மூஞ்சிதானே இது?"

"இல்லப்பா. வெளிச்சம்பா. நான்தான் பாத்தேனே."

"நீ அப்பச் சின்னப் புள்ள. எனக்காகச் சொல்லுற." விரலால் தன் முகத்தையே தடவினார். "அண்ணன் மேல எனக்கு உள்ளுக்குள்ள ஏதோ இருந்திருக்கு போல. இல்லாட்டி மூஞ்சி இப்படி இருக்குமா?"

எவ்வளவு பேசியும் அதை அவர் மனசிலிருந்து எடுக்க முடியவில்லை. பெரியப்பாகூட ஒரு தடவைதான் அந்தக் குற்றத்தைச் சொன்னார். அப்பா தினமும் தனக்குச் சொல்லிக்கொண்டார். அப்படியே போய்ச் சேர்ந்தார்.

ஊரில் புதைக்க வேண்டும் என்று அம்மா கேட்டாள். வேனில் எடுத்துக்கொண்டு போனோம். தெரு முனையில் பெரியப்பா நின்றார். கூட ஆள் யாருமில்லை, அவர் மட்டும்தான். "இங்க வேண்டாம், திருப்பிக்கிட்டுப் போங்க" என்றார். அம்மா வேனிலிருந்து இறங்கிக் கும்பிட்டாள். அவர் நகரவில்லை. பட்டுக்கோட்டைக்கே கொண்டுவந்து, பொதுச் சுடுகாட்டில் ஒரு ஓரத்தில் புதைத்தோம். கல் வைக்க அம்மா விடவில்லை. "பேரு வேணாம். அவருக்கே அவரப் புடிக்கல" என்றாள். இப்போது அம்மாவும் இல்லை.

அப்புறம்தான் போன வருஷம் நம் குழுவில் அந்தப் படம் வந்தது. யாரோ நெகட்டிவ்விலிருந்து எடுத்திருக்கிறார்கள். அவ்வளவு துல்லியம். அப்பாவிடம் இருந்த போட்டோ முழங்காலோடு முடிந்துவிடும், இதில் தரையும் தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். அப்பாவின் நிழல் அவருக்கு முன்னால், காமிராவைப் பார்க்க விழுந்திருக்கிறது. அப்படியென்றால் சூரியன் அவர் முதுகுக்குப் பின்னால். முகம் இருட்டாகத்தானே இருக்க வேண்டும்? வெள்ளையாக எரிகிறது. சுற்றியிருக்கிற வேறு எந்த முகத்திலும் அந்த வெளிச்சம் இல்லை.

போனை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். பெரியப்பா தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்தார். மகன் வீட்டில் கட்டிலோடு இருந்தார். என்னை அடையாளம் தெரிந்து, "வாம்மா" என்றார். நான் சொல்லச் சொல்ல, போனை நல்ல கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தார். நிழலைக் காட்டினேன், முகத்தைக் காட்டினேன். ஆயுசு முழுக்க வெயிலில் நின்ற மனிதர். அவருக்கு ஒரு தடவைக்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஆமா. முதுகுப் பக்கம்ல இருக்கு வெயிலு" என்றார்.

போனை என்னிடம் நீட்டினார். "இத ஏம்மா எங்கிட்டக் கொண்டாந்த? அவன் வேணுமின்னு அடிச்சான்னுதானே வேன மறிச்சேன். இப்ப இத வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய?" சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சில நாள் கழித்து அவர் மகன் போன் செய்தார். "அப்பா சாப்பிட மாட்டேங்குறாரு. சித்தப்பாவப் பொதைச்ச எடத்தப் பாக்கணும்னு அடம் புடிக்கிறாரு. கூட்டிட்டு வரட்டுமா?"

காரில் அழைத்து வந்தார்கள். நான் பட்டுக்கோட்டையில் காத்திருந்தேன். சுடுகாட்டுக்கு இப்போது மதில் கட்டி, ஷெட் போட்டிருக்கிறார்கள். அப்பாவை வைத்த பக்கம் எது என்று எனக்குப் பிடிபடவில்லை. அப்போது ஒரு வேப்பமரம் நின்றது, இப்போது அதுவும் இல்லை. குழி வெட்டுகிறவரைக் கேட்டேன்.

"எப்ப வச்சதும்மா?"

சொன்னேன். அவர் கையை அகலமாக வீசிக் காட்டினார். "அதெல்லாம் மேலுக்கு மேல வச்சாச்சும்மா. இன்ன எடம்னு சொல்ல முடியாது."

பெரியப்பா மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். செருப்பை முன்பே கழற்றியிருந்தார். மேடும் பள்ளமுமாகக் கிடந்த அந்தத் தரையை ஒரு கண்ணால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

"நான் எந்தப் பக்கம் பாத்தும்மா விழுந்து கும்புடுறது?" என்று என்னைக் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன்.